அப்பாவும் மகளும் ஒரே வகுப்பு

டிப்போ கேன்டீனில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஓட்டுநருக்கு விஷயம் தெரிந்தது. எதிரே வந்து உட்கார்ந்த சக ஓட்டுநர் தன் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு தினமும் என் வண்டியிலதான் வருது."

"ஸ்கூலுக்கு உங்க ரூட்டுலதானே போகணும்?"

"ஸ்கூல் ஸ்டாப்புல இறங்கினா நான் ஏன் உங்ககிட்ட வந்து உக்காரப்போறேன்? கடைசி ஸ்டாப் வரைக்கும் வருது. திரும்ப என்கூடவே வருது. யூனிஃபார்ம், பை எல்லாம் இருக்கு. ஜன்னலோரம் உக்காந்து வேடிக்கை பார்க்குது, மதியம் டப்பாவைத் திறந்து சாப்பிடுது, ஸ்கூல் விடுற நேரத்துக்கு உங்க தெரு முனையில இறங்கிடுது."

"எத்தனை நாளா?"

"இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

ஓட்டுநருக்குத் தொண்டை பெரிது. படிக்கட்டில் தொங்குகிறவர்களை ஒரே அதட்டலில் பேருந்தின் பின்பக்கம் வரை தள்ளிவிடக்கூடிய குரல் அது. அன்றைக்கு அந்தக் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. பாதித் தேநீரோடு டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, "நாளைக்கு ஒரு நாள் வண்டியை மாத்திக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை மகள் வழக்கம்போல் நிறுத்தத்தில் நின்றாள். பேருந்து வந்தது, கதவு திறந்தது, ஒரு காலைப் படியில் வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையில் அப்பா. அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"ஏறும்மா. கதவை மூடணும்" என்றார் அவர்.

ஏறினாள். பள்ளி நிறுத்தம் வந்தது, அவள் இறங்கவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு அவளுக்கு முன் இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

"ஏன்மா?"

"முதல் நாள் தெரியாமத்தான் ஸ்டாப்பை விட்டுட்டேன்பா. மறுநாள் போனா யாராவது கேட்பாங்கன்னு பார்த்தேன். ஒருத்தர்கூடக் கேட்கல. அதுக்கடுத்த நாள் வேணும்னே போகல. அப்பவும் யாரும் கேட்கல. அங்க நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"வீட்டுல சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கத்துவீங்க."

"நான் எப்பக் கத்தினேன்?" என்று கத்தினார் அவர். அடுத்த பேருந்தின் நடத்துநர் எட்டிப் பார்த்தார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அவருக்கும் வந்தது. அழ வேண்டிய இடத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்ததாக அவர் பிற்பாடு மனைவியிடம் சொன்னார். மனைவி நம்பவில்லை.

அந்தப் பெரிய பள்ளிக்கு அவரும் மனைவியுமாகப் போனார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கிற இடம். அலுவலகத்தில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு ஒழுங்கா வருதே, ஒரு நாள்கூட லீவு இல்லையே" என்றாள். மனைவி கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "வாங்க. இவங்ககிட்டப் பேசறதும் செவுத்துல முட்டிக்கிறதும் ஒண்ணு."

மனைவி ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தாள். அளவு எடுக்க வீடு வீடாகப் போகிறவளுக்கு ஊர்ப் பேச்சு எல்லாம் காதில் விழும். மெத்தைக் கடைக்கு மேலே ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளி இருப்பதும், அங்கே மூன்று அறைகளுக்குத் திரை போட அளவெடுக்கப் போனதும் அவளுக்கு நினைவு வந்தது.

"அந்தத் தலைமை ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையா பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'நேத்து ஏன் வரல?'ன்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தன் வரலைன்னா அவன் வேலை பார்க்குற கடைக்கே போன் அடிக்கிறாங்க. அங்க சேர்த்துப் பார்ப்போமா?"

மெத்தைக் கடைக்குப் பக்கவாட்டில் குறுகலான படிக்கட்டு. இரண்டு ஓரமும் உருட்டிக் கட்டிய மெத்தைகள். ஏறும்போது புது நுரைப்பஞ்சின் வாசம் மூக்கில் ஏறும். மேலே முப்பது சொச்சம் மாணவர்கள். எல்லோரும் எங்கேயோ ஏதோ ஒரு படியில் வழுக்கி விழுந்தவர்கள். ஒரு வருடம் நோயில் படுத்து எழுந்த பையன், மாலையில் முடிதிருத்தும் கடையில் நின்று காலையில் படிக்க வருகிற பெண், வேறு நாட்டிலிருந்து வந்து மொழி தெரியாமல் விழித்த அண்ணன் தங்கை, இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் இளம் தாய், இதுவரை மூன்று பள்ளிகளிலிருந்து அடிதடிக்காக அனுப்பப்பட்ட ஒரு முரட்டுப் பையன். பெரிய பள்ளிகள் கைவிட்ட பிள்ளைகள் என்று வெளியில் பேச்சு. தலைமை ஆசிரியையிடம் அப்படிச் சொன்னால், "அவங்க கைவிட்டாங்க, நாங்க பிடிச்சுக்கிட்டோம். அவ்வளவுதான்" என்பார். குள்ளமான பெண்மணி, எப்போதும் காலில் ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறவரைப் போன்ற காலணி.

"புதுசா சேர்ற பிள்ளைகூட வீட்டு ஆள் ஒருத்தர் முதல் வாரம் பூரா உக்காரணும்" என்றார் அவர்.

"துணைக்கா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"துணைக்கு நாங்க இருக்கோம். வகுப்புல என்ன நடக்குதுன்னு வீட்டுக்கும் தெரியணும்ல?"

மனைவிக்குக் கடையில் வேலை குவிந்திருந்தது. ஓட்டுநருக்கு விடுப்பு மிச்சம் இருந்தது. ஆக, அவர் போனார். கடைசி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, உட்கார்ந்தார்.

அவரும் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்தான். படிக்க வைக்க ஆளில்லாமல் அல்ல, அடித்துத் துரத்தியும் அல்ல. ஏறவில்லை, நின்றுவிட்டார். அப்பாவின் பட்டறையில் சேர்ந்தார், வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார், காலம் ஓடியது. அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் நாள் மகள் வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் இளம் தாயின் குழந்தை அவள் மடியில் ஏறிப் பென்சிலைப் பிடுங்கியது. மூன்றாம் நாள் அவளும் அந்தத் தாயும் ஒரே புத்தகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் இதையெல்லாம் கவனித்தார் என்று சொல்ல முடியாது. அவர் பாடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

கணக்கு வாத்தியார் அவரைவிட மிகவும் சின்னவர். அன்று பலகையில் ஒரு கணக்கு எழுதினார். ஒரு பேருந்து மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இந்த ஊரிலிருந்து கிளம்புகிறது, இன்னொன்று எதிரிலிருந்து வருகிறது, எங்கே சந்திக்கும்?

கடைசி பெஞ்சிலிருந்து கை உயர்ந்தது. "சார், அறுபதுல போகவே முடியாது. நடுவுல மார்க்கெட் இருக்கு."

"இது சும்மா ஒரு கணக்கு..."

"சும்மாவா இருந்தாலும் ஆளுங்க குறுக்க வருவாங்கல்ல சார்? கொஞ்சம் பிரேக் போடுங்க, நான் பின்னாலேயே நிக்கிறேன்."

வகுப்பு குலுங்கியது. மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வாத்தியாரும் சிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தடவையும் ஓட்டுநருக்குப் புரியவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து அவருக்கு 'பிரேக்' என்று பெயர் விழுந்தது. பாடம் வேகமாகப் போனால் யாராவது ஒருவர், "பிரேக் அண்ணா, கொஞ்சம் அமுக்குங்க" என்பார்கள். அவரும் "சார், பிரேக்!" என்று குரல் கொடுப்பார். தங்களுக்கும் புரியாததைக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட நிம்மதி.

வாரம் முடிந்தது. படியிறங்கும்போது மகள், "அப்பா, திங்கக்கிழமையிலிருந்து நானே போய்க்குவேன். நீங்க வேலைக்குப் போங்க" என்றாள்.

"சரிம்மா" என்றார். குரலில் சுரத்தில்லை. திங்கட்கிழமை பேருந்து ஓட்டும்போதும் அவருக்கு நினைப்பு மெத்தைக் கடையின் மாடியிலேயே இருந்தது. கடல்கள் எப்படி உண்டாயின என்ற பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். மீதி என்ன ஆயிற்று? செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேரே தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் நின்றார்.

"பொண்ணு நல்லா இருக்கா, கவலைப்படாதீங்க."

"பொண்ணைப் பத்தி இல்லைங்க." தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "என்னைச் சேர்த்துக்குவீங்களா?"

தலைமை ஆசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வயசு வரம்பு ஒண்ணும் இல்ல. ஆனா உங்க பொண்ணுகிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அன்று மாலை வீட்டில் கேட்டபோது மகள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "எனக்குன்னு ஒரு இடம் கிடைச்சது. அதுலயும் வந்து உக்காரணுமா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மனைவி வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே, "ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கவே நாக்குத் தள்ளுது. இதுல ரெண்டா?" என்றாள். இருவரும் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் ஓட்டுநருக்கும் பட்டது. விட்டுவிடலாம் என்று முடிவு செய்து காலையில் சட்டையை மாட்டும்போது மகள் வந்து நின்றாள்.

"மூணு கண்டிஷன். என்னைப் பாப்பான்னு கூப்பிடக் கூடாது. என் பெஞ்சுல உக்காரக் கூடாது. மார்க்கெட்டைப் பத்திப் பேசக் கூடாது."

முதல் இரண்டையும் அவர் காப்பாற்றினார்.

டிப்போவில் கேட்டு மாலை வேலைக்கு மாறிக்கொண்டார். காலையில் மாணவர், மாலையில் ஓட்டுநர். வகுப்பில் கைபேசி அலறியதற்காக வெளியே நிறுத்தப்பட்டார். புத்தகத்தைக் கொண்டுவராமல் முரட்டுப் பையனோடு பங்கு போட்டுப் படித்தார். அந்தப் பையன் ஆரம்பத்தில் யாரோடும் பேச மாட்டான், யாராவது தோளில் கை போட்டால் முறைப்பான். இவர் முதல் நாளே கை போட்டார். அவன் முறைத்தான். "என்னப்பா முறைக்கிற? எனக்குப் பக்கத்தைக் காட்டு, கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்றார். ஒரு வாரத்தில் அவன் இவருக்குப் பாடத்தை வாசித்துக் காட்ட ஆரம்பித்தான். இவருக்கு வாசித்துக் காட்ட அவன் வீட்டிலேயே படித்துவிட்டு வரவேண்டியிருந்தது.

மகளோ வேறு ஆளாகிக்கொண்டிருந்தாள். இளம் தாய் எழுதும்போது குழந்தையைத் தூங்க வைப்பாள். வகுப்பின் மூலையில் அதற்கென்றே மெத்தைக் கடைக்காரர் கொடுத்த சின்ன மெத்தை கிடந்தது. ஒரு நாள் மதியம் அப்பா அதை ஏக்கத்தோடு பார்ப்பதைக் கண்டு எல்லோர் முன்னாலும் அதட்டினாள். அதுவரை அவர் யாரோ, தான் யாரோ என்று இருந்தவள் அன்றைக்கு மறந்துபோய், "அப்பா, அது பாப்பாவுக்கு" என்றுதான் சொன்னாள். வகுப்பே கூரை அதிரக் கைதட்டியது. அவர்கள் எல்லோருக்கும் அது முதல் நாளிலிருந்தே தெரியும்.

பெற்றோர் கூட்டம் வந்தது. மனைவி மகளுக்காக வந்து உட்கார்ந்தாள், மகளைப் பற்றி ஐந்து ஆசிரியர்களும் நல்லதாகவே சொன்னார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது கணக்கு வாத்தியார் தயங்கியபடி கேட்டார்.

"உங்க வீட்டுல இன்னொரு மாணவர் இருக்காரே... அவருக்கு யார் வந்திருக்காங்க?"

"ஐயோ, அவருக்குப் பதில் சொல்ல என்னால ஆகாது சார்" என்றாள் மனைவி.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு நேராக உட்கார்ந்தாள். "நான் வந்திருக்கேன் சார். சொல்லுங்க."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். பக்கத்தில் ஓட்டுநர் கைகட்டி நின்றார். "வரலாறு, அறிவியல் எல்லாம் பிரமாதம். கேள்வி கேட்டே எங்களைக் கொல்றார். கணக்குலதான்... கூட்டல் வரைக்கும் வர்றார், எக்ஸ் வந்தா ஓடிடறார். வீட்டுப் பாடமும் செய்யறதில்ல."

"ஏன் செய்யல?" என்று மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"வண்டியில நேரம் கிடைக்கலம்மா."

"அதெல்லாம் சாக்கு." வாத்தியார் பக்கம் திரும்பினாள். "நான் வீட்டுல கவனிச்சுக்கிறேன் சார். இனிமே இப்படி நடக்காது."

தலைமை ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள்.

பள்ளி இறுதித் தேர்வு எழுதினார்கள். முடிவு வந்த நாள் மகள் எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். ஓட்டுநர் மற்றதிலெல்லாம் தேறிக் கணக்கில் தவறியிருந்தார். முரட்டுப் பையனும் கணக்கில்தான் கோட்டைவிட்டிருந்தான். அன்று மாலை ஓட்டுநர் தன் பேருந்தில் ஏறிய ஒவ்வொருவரிடமும், "என் பொண்ணு பாஸ்" என்று சொன்னார். சிலர் வாழ்த்தினார்கள், சிலர் பஸ் பாஸ் கேட்டதாக நினைத்துப் பையைத் துழாவினார்கள். வீட்டுக்குக் கேக் வாங்கிப் போனார். மகள் முதல் துண்டை அவர் வாயில் திணித்தாள்.

"உங்களுக்கு வருத்தமா இல்லையாப்பா?"

கேக்கை மென்று முடிக்கும் வரை யோசித்தார். "இருக்கு. எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தியாவே இருக்கு. ஆனா உன் சந்தோஷம் பெரிசா இருக்கறதால இது அடியில போய் உக்காந்துடுச்சு."

"மறுபடி எழுதுவீங்கல்ல?"

"எழுதாம? எக்ஸை விடுறதா இல்ல."

அதன்பின் அவரும் முரட்டுப் பையனும் கடைசி நிறுத்தத்தில் கூட்டாளிகள் ஆனார்கள். பேருந்து ஓய்வெடுக்கும் இடைவெளியில் பின் இருக்கையில் கணக்குப் புத்தகம் விரியும். பையன் பக்கத்துத் தெருவில் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான், அதே கையோடு வந்து உட்காருவான். புத்தகம் முழுக்க மாவு. நடத்துநர் விசிலடித்ததும் பையன் குதித்து இறங்கி ஓடுவான். மகள் வாரக் கடைசியில் இருவரையும் உட்கார வைத்து வெளுத்து வாங்குவாள். ஒரு நாள் எக்ஸ் அவருக்குப் பிடிபட்டது. எப்படி என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்ற மறந்து, அசட்டுச் சிரிப்போடு ஒரு நிமிடம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். வெளியே நின்ற பெரியவர் கதவைத் தட்டி, "கனவா?" என்று கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தார்.

இரண்டாம் முறை இருவரும் தேறினார்கள். சான்றிதழ் கொடுக்கும் விழா மெத்தைக் கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் நடந்தது. மனைவி மேடைக்குத் திரை தைத்துக் கொடுத்திருந்தாள், கடையில் மிஞ்சிய எல்லா நிறங்களிலும். ஓட்டுநரைக் கூப்பிட்டபோது அவர் மேடைக்குப் போகும் வழியில் அழத் தொடங்கி, சான்றிதழை வாங்கும்போது சிரித்து, இறங்கும்போது மறுபடியும் அழுதார். தெருவில் டிப்போ ஆட்கள் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்த சத்தத்தில் முரட்டுப் பையனைக் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. அவன் தானே எழுந்து போய், "என்னைத்தானே கூப்பிட்டீங்க?" என்று வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஆண்டு கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இந்தப் பள்ளியில் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பழைய மாணவர்களையே கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும். இளம் வயதுப் பெண், கறாரான முகம். இளம் தாய் தாதியர் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். முரட்டுப் பையன் அதே ரொட்டிக் கடையில் இரண்டு பேரை வேலை வாங்கிக்கொண்டிருந்தான், ஒருவரையும் அடித்ததில்லை. ஓட்டுநரின் மகள் கட்டட வரைபடம் வரையும் படிப்பில் இருந்தாள். தேர்வு எழுதாமல் நடுவில் நின்றவர்களும் இருந்தார்கள், தலைமை ஆசிரியை அதையும் மறைக்கவில்லை. "ரெண்டு பேர் நின்னுட்டாங்க. இன்னும் போன் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

கடைசியாக ஓட்டுநரின் முறை.

"படிக்கறதுக்கு முன்னாடி என்ன வேலை?" என்று கேட்டார் அதிகாரி.

"பஸ் ஓட்டினேங்க."

"இப்போ?"

"பஸ் ஓட்டறேன்."

"பதவி உயர்வு?"

"ஒண்ணும் இல்லைங்க."

அதிகாரியின் பேனா நின்றது. "அப்போ எதுக்குப் படிச்சீங்க?"

"பொண்ணுக்காக வந்தேன். அப்புறம் எனக்கே பிடிச்சுப்போச்சு. காலையில எழுந்தா இன்னிக்கு என்ன சொல்லித் தருவாங்கன்னு ஒரு ஆசை. என் வயசுல அப்படி ஆசையா எழுந்திருக்கறவங்க எத்தனை பேர், நீங்களே சொல்லுங்க."

அதிகாரி ஏதோ எழுதினார். பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். எழுந்திருக்கவில்லை. கறாரான முகம் மெல்ல இளகியது.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்றார். "ரெண்டு வருஷமா வீட்டுலயே கிடக்கான். யார் சொன்னாலும் கேட்க மாட்டேங்கறான்."

"அடடா, அதுக்கென்ன, நாளைக்கே கூட்டிட்டு வாங்க!" என்றார் ஓட்டுநர், தன் சொந்தக் குரலில். கீழே மெத்தைக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்தார். தம்பி மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அக்காவோடு வந்தான், இப்போது அங்கேதான் படிக்கிறான்.

ஓட்டுநர் பகல் வேலைக்குத் திரும்பிவிட்டார், ஆனால் படிப்பை விடவில்லை. அஞ்சல் வழியில் வரலாற்றுப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். மகள் விடுதியிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளைப் பிடித்து உட்கார வைத்துப் பழைய அரசர்களின் சண்டைகளைச் சொல்கிறார். அவள் தப்பிக்க வழி தேடுகிறாள்.

"இப்படியே போனா ரிட்டையர் ஆகறதுக்குள்ள டாக்டர் பட்டமே வாங்கிடுவீங்க போல" என்று மனைவி ஒரு நாள் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே சொன்னாள்.

"வாங்கினா என்ன?"

"வாங்குங்க, வாங்குங்க. எனக்கு ஜுரம் வந்தா ஒரு மாத்திரை எடுத்துக் குடுக்கத் தெரியாத டாக்டர் எங்க வீட்டுலதான் இருக்கார்னு தெரு பூரா சொல்லிக்குவேன்."